சாப்ட்டேன்மா

அன்று காலை சாளை மீனை வேகவைத்து, முள்ளெடுத்து, சோற்றோடு பிசைந்து பின்வாசல் தட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினேன். தேங்காய் துருவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "சாப்ட்டியாட்டீ?" என்று கேட்டேன்.

"சாப்ட்டேன்மா. நீ சாப்ட்டியா?" என்றது கருப்பட்டி.

"இனிமேத்தான்."

"எப்பக் கேட்டாலும் இனிமேத்தான். மொதல்ல நீ சாப்பிடு, அப்புறம் ஊரைப் பாரு."

சிரித்துக்கொண்டே துருவினேன். எல்லாம் வழக்கப்படி இருந்த கடைசிக் காலை அது.

கருப்பட்டி எங்கள் நாய். ஆதிரை பள்ளியில் படிக்கும்போது, மழையில் நனைந்து கிடந்த குட்டியைச் சீருடைத் துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்தாள். நிறத்தைப் பார்த்து அவள் அப்பா வைத்த பெயர்தான் கருப்பட்டி. சாதாரண நாட்டுப் பெட்டை. ஆனால் எங்கள் பின்வாசல் மதிலில் ஒரு காக்கையை உட்கார விடாது.

நாய் பேசாது. பேசியது அதன் கழுத்தில் இருந்த பட்டை. பேசிய குரல் எங்கள் மகள் ஆதிரையுடையது. அவள் இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பட்டைகள் முதலில் வந்தபோது இப்படிப் பேசவில்லை. ஆண்குரல் ஒன்று செய்தி வாசிப்பதுபோல, "உடல் வெப்பம் சற்றுக் கூடியுள்ளது, கவனிக்கவும்" என்று சொல்லும். சனங்கள் பயந்து, தும்மலுக்கெல்லாம் நாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். அதற்குப் பிறகுதான் கம்பெனிக்காரர்கள் நாயே பேசுவதுபோல மாற்றினார்கள். "எனக்கு இன்னிக்கு வயிறு சரியில்ல, மோர்ச்சோறு போதும்" என்று அதுவே சொல்லும்போது யாருக்கும் பயம் வரவில்லை. சந்தேகம் இருந்தால் அதையே கேட்டுக்கொண்டார்கள். டாக்டரைக் கூப்பிடுகிற பழக்கம் மெல்ல மெல்ல நின்றுபோனது. கால்நடை மருத்துவமனை வாசலில் பட்டை கட்டாத ஆடுமாடுகள் மட்டும் நின்றன.

பிறகு, விருப்பமான குரலையும் கொடுக்கலாம் என்றார்கள். குரலை மட்டுமல்ல, அந்த ஆள் பேசுகிற விதத்தையே அது படித்துக்கொள்ளும்.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பெயர் சங்கரபாண்டியன். நெஞ்சைத் திறந்து அறுவை செய்த பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். அவர்தான் குரலைக் கொடுத்தார். எங்களிடம் ஆதிரையின் குரல் நிறைய இருந்தது. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தபோது தினமும் அவள் பேசியதெல்லாம் போனில் தானாகப் பதிவாகியிருந்தது. "குரலுக்குரியவர் கைப்பட்டை கட்டியிருந்தால், அதிலுள்ள உடல்நலப் பதிவுகளையும் சேர்த்துக் கொடுங்கள், பேச்சு மேலும் உயிரோட்டமாக இருக்கும்" என்று கம்பெனி சொல்லியிருந்தது. விடுதியிலிருந்து வந்த பெட்டியில், துணிகளுக்கு அடியில் அவளுடைய கைப்பட்டை இருந்தது. அதுவும் அதே கம்பெனி. அவர் அதையும் கொடுத்தார். மகளுக்கு ஏதோ வாங்கிக் கொடுப்பதுபோல அவ்வளவு ஆசையாகக் கொடுத்தார்.

முதல் தடவை கருப்பட்டியின் கழுத்திலிருந்து "அப்பா" என்று கேட்டபோது, அவர் தரையில் உட்கார்ந்து நாயின் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். நாய்க்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கண்ணை நக்கியது.

அது ஆதிரை இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் பேசினோம்.

அன்று காலைக்கு வருகிறேன். தேங்காய்ச் சிரட்டையை வெளியே போடப் பின்வாசலுக்குப் போனேன். தட்டின் விளிம்பில் ஒரு காக்கை. தட்டுக்குள் இன்னொன்று. மீனைக் கொத்திக்கொண்டிருந்தன. ஒரு முழம் தள்ளிக் கருப்பட்டி படுத்திருந்தது. தூங்கவில்லை. கண்ணைத் திறந்து அந்தக் காக்கைகளைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தது. உறுமக்கூட இல்லை.

"கருப்பட்டி, சாப்ட்டியா?" என்று மறுபடி கேட்டேன்.

"சாப்ட்டேன்மா! மீன் சூப்பர்."

அதன் வாய் காய்ந்திருந்தது.

உள்ளே வந்து அவரிடம் சொன்னேன். "என்னங்க, அது சாப்பிடல. காக்காதான் திங்குது. டாக்டரைக் கூப்பிடுவோம்."

"காக்கா மிச்சத்தைத் தின்னுருக்கும். அதான் சாப்ட்டேன்னு சொல்லுதுல்லா?"

"நான் கண்ணால பாத்தேன்."

"ஏட்டி, உள்ள இருக்க நெஞ்சுத்துடிப்பு வரைக்கும் எண்ணுத மிசினு. அதுக்குத் தெரியாதது ஒன் கண்ணுக்குத் தெரிஞ்சிட்டாக்கும்? ரெண்டு வாரமா எவ்வளவு குஷியாப் பேசிட்டுக் கிடக்கு. நேத்து எங்கிட்ட அவ காலேஜ் வார்டன் மாதிரி பேசிக் காட்டுச்சு. சீக்குப் புடிச்சதா அப்படிப் பேசும்?"

அது உண்மைதான். அந்த இரண்டு வாரமும் பட்டை அவ்வளவு பேசியது. பாட்டு முணுமுணுத்தது. அவரைக் கேலி செய்தது. "அப்பா, ஒங்க தொப்பை ஒங்களுக்கு மின்னாடியே ரூமுக்குள்ள வந்துட்டு" என்றது ஒரு நாள். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். அந்த இரண்டு வாரமும் அவர் வேளாவேளைக்குச் சாப்பிட்டார். அதனால் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பட்டை நாடித்துடிப்பில் இயங்குவது. உயிருள்ள உடம்பில் இருந்தால்தான் பேசும். நாய்க்கு ஏதாவது ஆனால் குரலும் போய்விடும்.

அவர் குளிக்கப் போன நேரத்தில் டாக்டர் ஜெபக்கனியைக் கூப்பிட்டேன்.

வீட்டுக்கு வருகிற கால்நடை மருத்துவர் எங்கள் பக்கத்தில் அப்போது அவர் ஒருவர்தான். உப்பளப் பக்கத்து ஆடுமாடுகளைப் பார்த்துவிட்டு அப்படியே வந்தார். நாற்பது வயதுப் பெண். முழங்கால் வரை சேறு. செருப்பைக் கழற்றிவிட்டு, நேரே பின்வாசலுக்குப் போய்க் கருப்பட்டியின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் எதுவுமே செய்யவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

"என்ன செய்யுதுன்னு கேக்க மாட்டீங்களா டாக்டரம்மா? அதுவே சொல்லும்" என்றார் என் கணவர், தலையைத் துவட்டிக்கொண்டு. குரலில் கோபம் இருந்தது.

"எங்க படிப்புல அந்தப் பாடமே இல்ல அண்ணாச்சி. எங்ககிட்ட வாறது எதுவும் வாயத் தொறந்து சொல்லாது. அதனால பொய்யும் சொல்லாது. கூட வாறவங்கதான் சொல்லுவாங்க."

டாக்டர் கருப்பட்டியின் மேலுதட்டைத் தூக்கினார். ஈறு சுண்ணாம்பு பூசிய மாதிரி இருந்தது. காதை மடக்கிப் பார்த்தார். கழுத்துப் பட்டையை நகர்த்தி, அதன் அடியில் விரலைவிட்டுத் தேடி, ஓர் உண்ணியைப் பிடுங்கி எடுத்தார். பிறகு இன்னொன்று.

"அப்பா, எனக்கு ஒண்ணுமில்லப்பா. டாக்டரெல்லாம் எதுக்கு? நான் சூப்பரா இருக்கேன்" என்றது பட்டை.

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். அந்த ஏற்ற இறக்கம், கடைசியில் வரும் சிரிப்பு, எல்லாம் தெரியும். கோயம்புத்தூரிலிருந்து அவள் கடைசியாகப் பேசியபோது சொன்னது.

டாக்டர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "யார் குரல்?"

"மக" என்றேன்.

"இப்ப எங்க இருக்கா?"

நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். டாக்டர் புரிந்துகொண்டார். பையிலிருந்து ஒரு சிறிய கருவியை எடுத்துப் பட்டையின் மேல் வைத்தார். அதில் எண்கள் ஓடின.

"உள்ள எல்லாம் சரியாத்தான் பதிவாகியிருக்கு அக்கா. காய்ச்சல் ரெண்டு வாரமா இருக்கு. ஒரு வாரமா ஒண்ணும் விழுங்கல, தண்ணியத் தவிர. எல்லாமே இதுக்குத் தெரியும்."

"பொறவு ஏன் சொல்லல?" என்றார் என் கணவர்.

டாக்டர் நாயின் வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டார். "மகளுக்கு என்ன செஞ்சுது?"

"மஞ்சக் காமாலை" என்றேன். "விடுதியில யார்ட்டயும் சொல்லல. இவங்களுக்கு அப்பத்தான் நெஞ்சு ஆப்பரேசன் முடிஞ்சிருந்தது. பரீட்சை முடிச்சிட்டு வந்து சொல்லிக்கிடலாம்னு இருந்திருக்கா. தெனமும் பேசுவா. சாப்ட்டியான்னா சாப்ட்டேன்பா. ஒடம்பு எப்படின்னா சூப்பர்பா."

"இவங்களும் அப்படித்தான்" என்று அவரைக் காட்டினேன். "அவ போனுல, கருப்பட்டி சாப்ட்டுச்சான்னு கேப்பா. அவ கோயம்புத்தூர் போனதுல இருந்து அது தட்டை மோந்துகூடப் பாக்காமக் கிடக்கும். இவங்க போனைப் பிடுங்கி, வயிறு முட்டத் தின்னுட்டு ஏப்பம் விடுதும்மான்னு சொல்லுவாங்க."

"அவ மனசு சங்கடப்படும்லா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"அந்தப் பேச்சையெல்லாம் குடுத்தீங்க. அவ கைப்பட்டையையும் குடுத்தீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"குடுத்தேன்."

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அண்ணாச்சி, மில்லர்புரத்துல ஒரு வீட்டுல ஆட்டுக்கு மாமியார் குரலக் குடுத்திருக்காங்க. அந்தம்மா இருந்தவரைக்கும் இங்க வலிக்கு, அங்க குத்துதுன்னு சொல்லிட்டே இருந்தவங்களாம். இப்ப ஆடு சொல்லுது. வாராவாரம் எங்கிட்டக் கொண்டு வாறாங்க. கல்லு மாதிரி இருக்கு. அந்தத் தெருவுல கடைசி வரைக்கும் இருக்கப்போறது அந்த ஆடுதான்."

என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். என் கணவர் சிரிக்கவில்லை.

"இந்தப் பட்டையும் அப்படித்தான் பாடம் படிச்சிருக்கு" என்றார் டாக்டர். "காய்ச்சல் இந்த அளவுல இருக்கும்போது, வயிறு இப்படிக் காலியா இருக்கும்போது, இந்தப் பிள்ளை என்ன சொல்லும்னு பாத்திருக்கு. உங்க மக சூப்பரா இருக்கேன்னு சொல்லியிருக்கா. ஒடம்பு மோசமாக மோசமாக, உங்களுக்குச் சந்தேகம் வந்துரக் கூடாதுன்னு இன்னும் சிரிச்சுப் பேசியிருக்கா. இது எச்சரிக்கை பண்ணாம இல்ல அண்ணாச்சி. ரெண்டு வாரமா பண்ணிட்டுத்தான் இருக்கு. அவ பாஷையில பண்ணிருக்கு."

என் கணவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து, "அப்ப வார்டன் மாதிரி பேசிக் காட்டுனது..." என்றார்.

வார்டன் மாதிரி அவள் பேசிக் காட்டியது எங்களுக்குத் தொலைபேசியில். இறப்பதற்குச் சில நாள் முன்பு. அன்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, எனக்குப் புரையேறிவிட்டது. "அம்மாவுக்குத் தண்ணி குடுங்கப்பா" என்று அங்கிருந்து அவள் கத்தினாள்.

உண்ணிக் காய்ச்சல் என்றார் டாக்டர். முன்னாலேயே பார்த்திருந்தால் மாத்திரையில் போயிருக்கும். இப்போது ரத்தமே இல்லை. தினமும் வந்தார். சொட்டு மருந்துப் பாட்டிலைத் துணி காயப்போடும் கம்பியில் தொங்கவிட்டு, ஏறி முடிகிற வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஊசி குத்தும் இடத்தில் பட்டை உரசுகிறது, கழற்றிவிடலாமா என்று கேட்டார். என் கணவர் இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டார். டாக்டர் மறுபடி கேட்கவில்லை. காலில் நரம்பு தேடினார்.

கடைசி நாளில் அது பேசிய பேச்சை எழுத எனக்குக் கை வரவில்லை. கருப்பட்டி அவர் மடியில் துணி மாதிரி கிடந்தது. கண் சொருகியிருந்தது. கழுத்திலிருந்து குரல் மட்டும் கலகலவென்று வந்துகொண்டே இருந்தது. தீபாவளிக்கு என்ன நிறத்தில் சேலை எடுக்கலாம் என்றது. அப்பா மீசைக்குச் சாயம் பூசக் கூடாது, நரையே அழகு என்றது. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கடற்கரைக்குப் போய் முந்திரி மக்ரூன் தின்ன வேண்டும் என்றது. அவர் எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உச்சிப் பொழுதில் குரல் நின்றது. நாங்கள் நாயைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. குரல் நின்றதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

முருங்கை மரத்தடியில் புதைத்தோம். பட்டையை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு வீடு வேறு மாதிரி ஆனது. அவர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. நான் ஒரு நூலகத்தில் பகுதி நேரமாகப் புத்தகம் அடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். மதியச் சோற்றை மூடி வைத்துவிட்டுப் போவேன். வந்து கேட்டால் சாப்பிட்டேன் என்பார். பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

ஒரு நாள் வெயிலில் வந்து, வாசலில் காலைக் கழுவிக்கொண்டே, "என்னங்க, சாப்ட்டியளா?" என்றேன்.

"சாப்ட்டேன்மா" என்று உள்ளேயிருந்து ஆதிரை சொன்னாள்.

செம்பு கையிலிருந்து விழுந்தது.

உள்ளே போனேன். அவர் நாற்காலியில் இருந்தார். இடது மணிக்கட்டில் கருப்பட்டியின் பட்டை இரண்டு சுற்றாகச் சுற்றியிருந்தது. சின்னப் பிள்ளை பொம்மையைக் காட்டுவதுபோலக் கையைத் தூக்கிக் காட்டினார். "நாடி இருந்தாப் போதும்போலட்டி. யாரு நாடின்னு அதுக்குக் கணக்கில்ல."

"எப்ப இருந்து?"

"நாலஞ்சு நாளா. நீ இல்லாத நேரத்துல கட்டிக்கிடுவேன். இன்னைக்குக் கழட்ட மறந்துட்டேன்."

"அம்மா, நான் சூப்பரா இருக்கேன்மா!" என்றது அவர் கை. "நீ ஏன் உர்ருனு இருக்க? வார்டன் மாதிரி பேசட்டா?"

நான் அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்தேன். காலையில் எவ்வளவு வடித்தேனோ அவ்வளவும் இருந்தது. தட்டு மட்டும் நனைத்துக் கவிழ்க்கப்பட்டிருந்தது. முன்னறையில் குரல் வார்டனைப் போலப் பேச ஆரம்பித்தது. ஒவ்வொரு சொல்லிலும் சிரிப்பு. நான் சொல்லைக் கேட்கவில்லை, அந்தச் சிரிப்பை மட்டும் கேட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று ஜெபக்கனி சொல்லிக் கொடுத்திருந்தார்.

கூப்பிட்டால் வருகிற டாக்டர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அவருக்கே போன் செய்தேன்.

"அக்கா, நான் மாட்டு டாக்டர்."

"தெரியும். வாங்க."

வந்தார். அதே சேறு, அதே பை. என் கணவரிடம் எதுவும் கேட்கவில்லை. நாற்காலிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"டாக்டரம்மா, ஒரு உண்ணிகூடக் கிடையாது, நல்லாத் தேடிப் பாத்துக்கோங்க" என்றார் அவர். அவ்வளவு நாளுக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கை அது. சொல்லும்போதே மூச்சு வாங்கியது.

"அதெல்லாம் எனக்குத் தெரியும் அண்ணாச்சி. கையக் குடுங்க."

நாடி பார்க்கப் பட்டை இடைஞ்சலாக இருந்தது. டாக்டர் கொக்கியில் விரலை வைத்துவிட்டு நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அம்மா, நான் சாப்ட்டேன்மா" என்றது பட்டை. "நீ சாப்ட்..."

கொக்கி கழன்றது.

டாக்டர் தன் வண்டியிலேயே எங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். பின்சீட்டில் வைக்கோலைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தோம். நெஞ்சு பலவீனமாகி உடம்பில் நீர் கோத்திருக்கிறது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள். நெடுநாள் படுக்கையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். பட்டை எங்கே என்று கேட்கவில்லை. அவளுடைய கைப்பட்டையோடு சேர்த்து அலமாரியில் வைத்திருக்கிறேன். அங்கே நாடி கிடையாது, அதனால் சத்தமும் கிடையாது.

இப்போது அவரிடம் சாப்பிட்டீர்களா என்று நான் கேட்பதில்லை. எதிரில் உட்கார்ந்து, அவர் ஒவ்வொரு வாயாக விழுங்குவதைப் பார்க்கிறேன். அவருக்கு அது கூச்சமாக இருக்கிறது. இருக்கட்டும்.

மீன் வாங்குவதை எப்போதோ நிறுத்திவிட்டோம். பின்வாசலில் தட்டும் இல்லை. காலையில் நான் அடுப்பைப் பற்றவைத்தால், காக்கைகள் இன்னமும் மதிலில் வந்து உட்காருகின்றன.